படுவான்கரையில் ஒரு சங்கக்கடை



மட்டக்களப்பு வாவிக்குக் கரைகள் இரண்டு. ஞாயிறு எழும் திசையில் உள்ளது எழுவான்கரை. படும் திசையில் உள்ளது படுவான்கரை. பட்டினமும் கடைவீதிகளும் எழுவான்கரையில்; விரிந்த நெல்வட்டைகள் படுவான்கரையில். மண்முனையில் 2014ஆம் ஆண்டு பாலம் திறக்கப்படும் வரை, கொக்கட்டிச்சோலைப் பக்கத்தார் வாவியைக் கடக்கப் 'பாதை' என்று நாங்கள் கூறும் மிதவையையே நம்பியிருந்தனர். அன்றேல் வலையிறவுப் பாலத்தால் சுற்றிப் போதல் வேண்டும். ஆகவே ஊருக்குள்ளே ஒரு கடை இருப்பதும் இல்லாததும் அங்குள்ள குடும்பங்களுக்குச் சிறிய சங்கதியன்று.

எங்கள் ஊரில் நெடுங்காலம் பூட்டிக்கிடந்த சங்கக்கடையைத் திரும்பவும் திறக்க வேண்டும் என்று ஊரார் இப்போது பேசிக்கொள்ளுகிறார்கள். கட்டடம் பழையது. 1978ஆம் ஆண்டு கார்த்திகைச் சூறாவளியில் கூரை போயிற்று, பின்னர் வேய்ந்தார்கள். 2007இல் ஊரே இடம்பெயர்ந்து மீண்டு வந்தபோது கதவும் இல்லை, தராசும் இல்லை. இளைஞர் சிலர் சென்ற மாதம் அதனைக் கூட்டிக் கழுவிச் சுண்ணாம்பும் அடித்துவிட்டார்கள். கதவைத் திறப்பது எளிது. முன்னர் அது ஏன் மூடப்பட்டது என்பதை மறவாமல் திறக்கிறோமா என்பதே என் கவலை.

சங்கக்கடை என்பது யுத்தகாலத்தின் பிள்ளை. 1942ஆம் ஆண்டு யப்பானியர் பர்மாவைக் கைப்பற்ற, அங்கிருந்து வந்த அரிசி நின்றுபோயிற்று. இருந்த அரிசியைப் பங்கிட்டுக் கொடுப்பதற்காக நாடெங்கும் கூட்டுறவுப் பண்டகசாலைகள் தோன்றின. கூப்பன் புத்தகத்தை நீட்டி அரிசியும் சீனியும் வாங்கிய நினைவு முதியோர் பலருக்கு இன்றும் உண்டு. 1979இல் உணவு முத்திரை வந்து கூப்பனின் இடத்தைப் பிடித்தது. கூப்பன் இருந்தவரை சனங்கள் கடையைத் தேடி வந்தார்கள். அது போனபின் கடைதான் சனங்களைத் தேட வேண்டியதாயிற்று.

ஆயினும், எங்கள் கடையைச் சாய்த்தது சூறாவளியுமன்று, யுத்தமுமன்று, கடன் கொப்பி. இதை நான் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். மட்டக்களப்பு வழக்கப்படி வீடும் வளவும் மகளுக்கே சீதனம். மாப்பிள்ளை பெண்ணின் ஊருக்கு வந்து குடியேறுகிறான். எங்கள் கடை மனேஜரும் அப்படி வந்தவரே. கடைக்கு வருபவர்களில் பாதிப்பேர் அவருக்கு மாமியர், மீதிப்பேர் மச்சான்மார். "மருமகன், இதையும் கொப்பியில எழுதிவிடுங்க, சூடடிச்சதும் தாறன்" என்று மாமி ஒருத்தி கேட்டால், பெண் எடுத்த ஊரில் எந்த மருமகன் இல்லை என்பான்? எழுதினார். எழுதிக்கொண்டே போனார். சூடு அடித்தார்கள், நெல்லோ களத்திலிருந்தே தனியார் வண்டிகளில் ஏறிப் போயிற்று. கொப்பி மட்டும் தடித்தது. வெளியூர் முதலாளி கடன் கொடுத்தால் களத்துமேட்டுக்கே வந்து நெல்லாய் அறவிடுவார். அவருக்கு முறை இல்லை, முகதாட்சணியமும் இல்லை. எங்கள் மனேஜருக்கு இரண்டும் இருந்தன.

இதற்கு மருந்து கடனே கூடாது என்பதுதான் எனச் சிலர் கூறுவர். 1844ஆம் ஆண்டு மார்கழி 21ஆந் திகதி, இங்கிலாந்தின் றொச்டேல் நகரில் இருபத்தெட்டுப் பேர் சேர்ந்து ஒரு சிறு கடையைத் திறந்தனர். மாவு, வெண்ணெய், சீனி, மெழுகுதிரி முதலிய சில பொருள்களே அங்கிருந்தன. கைக்காசுக்கே வியாபாரம் என்பது அவர்கள் வகுத்த விதி. உலகக் கூட்டுறவாளர் அந்த விதியைப் போற்றினார்கள். நல்ல விதிதான். ஆனால் அது கூலிக்கு வேலை செய்தோர் நகரம். உன்னிச்சை, நவகிரிக் குளங்களின் நீர் எட்டாத எங்கள் வயல்களில் பெரும்போகம் ஒன்றே போகம். ஐப்பசியில் விதைத்து மாசியில் அறுப்பவனிடம் மார்கழியில் கைக்காசு கேட்பது எங்ஙனம்?

1957ஆம் ஆண்டு, உணவு விவசாய அமைச்சராயிருந்த பிலிப் குணவர்த்தன பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களை ஏற்படுத்தியபோது இதற்கு ஒரு வழி இருந்தது. விதைப்புக் கடன், நெற்கொள்வனவு, கடை ஆகிய மூன்றும் ஒரு கூரையின் கீழ் வந்தன. புசல் ஒன்று 12 ரூபா என்னும் உத்தரவாத விலைக்குச் சங்கமே நெல்லை வாங்கியது. கடன் எழுதும் கையும் நெல் அளக்கும் கையும் ஒன்றாயிருந்தால் கொப்பி தானாகவே கழியும். நடைமுறையில் எல்லா இடத்திலும் அப்படி நடந்ததென்று நான் சொல்லமாட்டேன். அறவிடாத கடன்கள் அக்காலத்திலும் மலிந்திருந்தன. எனினும் எண்ணம் சரியானது.

இன்று கொப்பியின் இடத்தில் நுண்கடன் நிற்கிறது. கிழமைதோறும் வாசலில் வந்து நிற்கும் அறவீட்டாளருக்குப் பதில் சொல்லுபவர்கள் எங்கள் பெண்கள். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைப்பட, அடுத்த பெரும்போக விளைச்சல் வீழ்ந்தது. 2022இல் மண்ணெண்ணெய்க்கும் பால்மாவுக்கும் வரிசை நின்றோம். அந்நாளில் அரிசிக்கும் பருப்புக்கும் கடன்பட்டு, அதை அடைக்க மறுகடன் எடுத்தவர்களை நான் அறிவேன்.

ஆகவே ஊர்க்கூட்டத்தில் நான் கேட்டுக்கொண்டது இவ்வளவே. குடும்பம் ஒன்று சங்கக் களஞ்சியத்தில் எத்தனை மூடை நெல் வைக்கிறதோ, அந்த அளவுக்கே கொப்பியில் எழுதலாம். அதற்கு மேல் எழுத மனேஜருக்கு அதிகாரம் கிடையாது. மாமி கேட்டாலும் அவர் சட்டத்தைக் காட்டித் தப்பிக்கொள்வார். மாதம் ஒருமுறை கொப்பியைக் கூட்டத்தில் உரக்க வாசிக்க வேண்டும். நிருவாகசபையில் அரைவாசியேனும் பெண்களாயிருத்தல் வேண்டும். களஞ்சியத்தில் வைக்க நெல் இல்லாத கூலிக் குடும்பங்களுக்கு என்ன செய்வது என்று ஒரு விதவைத் தாய் எழுந்து கேட்டார். அதற்கு அன்று எங்களில் ஒருவரிடமும் விடை இருக்கவில்லை. வெளியூர் மனேஜரை வைப்போம் என்று இளைஞர் கூறினர், நான் உடன்படவில்லை. அந்தத் தாயின் வீட்டில் அடுப்பு எரிகிறதா என்பதை உள்ளூரான்தான் அறிவான்.

வருகிற மாசி அறுவடையோடு முதல் மூடையை ஏற்பதென்று முடிவாயிற்று. தராசு ஒன்று மட்டும் இன்னும் வாங்கவேண்டியிருக்கிறது.