கிரைண்டரும் மிக்சியும் நம் கைக்குள் இருக்கட்டும்

(கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் களப் பணியாளர்கள் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



சேமிப்பு, உள்கடன், தவணை என்று காலையிலிருந்து கணக்காகவே கேட்டுக் களைத்திருப்பீர்கள். இப்போது கொஞ்சம் அடுப்படிக்குப் போவோம். நம் வீட்டு மிக்சி, கிரைண்டரைப் பற்றித்தான் பேசப் போகிறோம். "இதுக்கு ஒரு பேச்சா?" என்று பின்வரிசையில் சிரிப்பது கேட்கிறது. பேச்சு முடியும்போது சொல்லுங்கள்.

விடியுமுன் எழுந்து ஆட்டுக்கல்லில் மாவாட்டிவிட்டுக் களைவெட்டப் போன கதையை இங்கே இருக்கும் பாட்டிமார்களைக் கேட்டால் சொல்வார்கள். 1955-ல் கோயம்புத்தூரில் சபாபதி என்பவர் மின்சாரத்தில் ஓடும் கிரைண்டரைக் கொண்டுவந்தார். இன்றைக்குக் கோவை கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. ஆனாலும் கிராமத்து ஏழை வீட்டுக்கு அது வந்துசேர வெகுகாலம் ஆனது. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தைத் தொடங்கிய பிறகுதான் நம்மில் பலர் வீட்டில் முதன்முதலாக கிரைண்டர் ஓடியது.

அதெல்லாம் இப்போது எங்கே? நாங்கள் குழுக் கூட்டத்துக்கு வீடு வீடாக வரும்போது பார்க்கிறோம். சில வீடுகளில் இன்னமும் நன்றாக ஓடுகிறது. பல வீடுகளில் பரண் மேல் இருக்கிறது, இல்லையென்றால் திண்ணையில் துணி மூட்டைக்கு முட்டுக் கொடுக்கிறது. கேட்டால், "அது போச்சுங்க, மோட்டார் காலியாம்" என்கிறார்கள். யார் சொன்னது என்றால், "மெக்கானிக் சொன்னாரு". திறந்து பார்த்தாரா என்றால், பதில் இல்லை. அப்புறம் புதுசு வாங்கக் குழுவில் கடன், அதற்கு வட்டி.

நாங்கள் சொல்ல வந்தது இதுதான். இந்த மெஷின்கள் பெரும்பாலும் ஒரே நாளில் சாவதில்லை. சின்னக் கோளாறில் ஆரம்பிக்கிறது. அதைக் கவனிக்காமல் ஓட்ட ஓட்ட, கடைசியில் மோட்டார் கருகுகிறது. பெல்ட், கப்ளர், புஷ் மாதிரி சின்ன சாமான் மாற்றினால் சில நூறு ரூபாயோடு போகும். மோட்டார் காயில் கட்டப் போனால் ஆயிரத்தைத் தாண்டும். தினமும் அந்த மெஷினைத் தொடுகிறவர் நாம். அது போடும் சத்தம் மாறினால் முதலில் தெரிவதும் நமக்குத்தான்.

முதலில் கிரைண்டரை எடுத்துக்கொள்வோம். டேபிள் டாப் கிரைண்டரில் பெரும்பாலும் கீழே மோட்டார், அதிலிருந்து ஒரு பெல்ட், அந்த பெல்ட் சுற்றினால் டிரம் சுற்றும். டிரம்முக்குள் குழவிக் கற்கள். இவ்வளவுதான் அதன் உடம்பு.

அரிசி நன்றாக ஊற வேண்டும். அரைகுறையாக ஊறிய அரிசியைப் போட்டால் கல்லுக்கும் மோட்டாருக்கும் வேதனை. முழுதும் கொட்டிவிட்டு சுவிட்ச் போடாதீர்கள். கொஞ்சம் தண்ணீர் விட்டு, ஓடவிட்டு, கை கையாக அள்ளிப் போடுங்கள். இரண்டு லிட்டர் கிரைண்டர் என்றால் டிரம்மின் கொள்ளளவுதான் இரண்டு லிட்டர். விருந்தாளி வருகிறார்கள் என்று வாய் வரைக்கும் நிரப்பக் கூடாது. இரண்டு தடவையாக ஆட்டுங்கள். மாவு இல்லாமல் வெறும் கல்லோடு கல் ஓடவும் விடாதீர்கள்.

கழுவும்போதுதான் பாதி கிரைண்டர் கெடுகிறது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு டிரம்மையும் குழவியையும் மட்டும் கழுவுங்கள். வெளிப்பக்கத்தை ஈரத்துணியால் துடைத்தால் போதும். பைப்படியில் வைத்து வாளித் தண்ணீரை ஊற்றினால் நேராக மோட்டாருக்குள் போகும். மாவைக் காயவிட்டால் டிரம் நடுவில் இருக்கும் தண்டைச் சுற்றி இறுகிக்கொள்ளும், அங்கே இருக்கும் வாசர் தேயும், அப்புறம் மாவுத் தண்ணீர் கீழே இறங்க ஆரம்பிக்கும். கிரைண்டருக்கு அடியில் வெள்ளைக் கறை தெரிந்தால் அந்த வாரமே கவனியுங்கள்.

இனி அது சொல்லும் பாஷை. மோட்டார் ஓடும் சத்தம் கேட்கிறது, டிரம் சுற்றவில்லை, அல்லது மாவு போட்டதும் நின்றுவிடுகிறது என்றால் பெல்ட் தளர்ந்திருக்கும், அல்லது அறுந்திருக்கும். 'ம்ம்ம்' என்று உறுமுகிறது, சுற்றவே இல்லை என்றால் உடனே, அந்த நொடியே, அணைத்துவிடுங்கள். உறுமிக்கொண்டே நிற்கும் மோட்டார் சீக்கிரம் கருகும். குழவி சிக்கியிருக்கிறதா பாருங்கள். மாவை எடுத்துவிட்டு ஒரு தடவை போட்டுப் பாருங்கள். அப்போதும் உறுமினால், கண்டென்சர் என்று ஒரு சின்ன டப்பி உள்ளே உண்டு, அது வீக்காகியிருக்க வாய்ப்பு அதிகம். அதை மாற்றினாலே பல கிரைண்டர் ஓடிவிடும். ஆனால் நாமே திறந்து அதைத் தொடக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும், தூக்கி அடிக்கும்.

சாயங்காலம் ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறதென்றால் வோல்டேஜ் இல்லை என்று அர்த்தம். நமக்கு வரவேண்டியது 230 வோல்ட். குறைந்த வோல்டேஜில் மாவாட்டினால் மோட்டார் சூடேறும். கொஞ்சம் பொறுத்து ஆட்டுங்கள்.

அடுத்தது மிக்சி. கிரைண்டர் மாடு என்றால் மிக்சி பந்தயக் குதிரை. நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் சுற்றும். அதனால் சீக்கிரம் சூடாகும். ஐந்து நிமிடம் ஓட்டினால் இரண்டு நிமிடம் ஓய்வு கொடுங்கள். ஜாரை முக்கால் பாகத்துக்கு மேல் நிரப்பாதீர்கள். கொப்பரை, சுக்கு, விரலி மஞ்சள் எல்லாம் உரலில் ஒரு தட்டு தட்டி உடைத்துவிட்டுப் போடுங்கள். கொதிக்கக் கொதிக்க எதையும் அரைக்காதீர்கள். ஆவியில் மூடி எகிறி முகத்தில் அடிக்கும்.

ஓடிக்கொண்டிருந்த மிக்சி திடீரென்று நின்றால் உடனே "போச்சு" என்று தீர்ப்பு எழுத வேண்டாம். பல மிக்சிகளின் அடிப்பக்கத்தில் சின்ன சிவப்புப் பட்டன் இருக்கும். பாரம் கூடினால் மோட்டாரைக் காப்பாற்ற அது தானே அணைத்துவிடும். பிளக்கைப் பிடுங்கி, ஜாரை எடுத்து, கால் மணி நேரம் ஆறவிட்டு, பட்டனை அமுக்கிவிட்டுப் போட்டுப் பாருங்கள். இந்தப் பட்டன் தெரியாமல் கடைக்குத் தூக்கிப் போனவர்கள் எத்தனையோ பேர்.

கோளாறு ஜாரிலா, மோட்டாரிலா என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஜார் இல்லாமல் மிக்சியை இரண்டே நொடி ஓட்டுங்கள். நன்றாக ஓடினால் மோட்டார் நல்லாயிருக்கிறது. ஜாரைக் கவிழ்த்து, அடியில் உள்ள கப்ளரைக் கையால் சுற்றுங்கள். இறுக்கமாக இருந்தால் புஷ் சிக்கியிருக்கிறது. பல் மழுங்கியிருந்தால் கப்ளர் தேய்ந்துவிட்டது. ஜார் அடியிலிருந்து கறுப்புத் தண்ணீர் கசிந்தால் புஷ் போய்விட்டது. அந்தக் கறுப்பு நம் சட்னியிலும் கலக்கும், அதனால் தள்ளிப்போட வேண்டாம். மோட்டார் பக்கம் பெரிதாகப் பொறி பறந்து கருகல் வாடை வந்தால் கார்பன் தேய்ந்திருக்கலாம். அதுவும் மாற்றக்கூடிய சின்ன சாமான்தான். ஆனால் அதற்குமேல் ஒரு நாள்கூட ஓட்டாதீர்கள்.

இப்போது சொல்லப்போவதைத் தயவுசெய்து எல்லோரும் கவனமாகக் கேளுங்கள். பணம் போனால் சம்பாதிக்கலாம், உயிர் போனால் வராது. "தொட்டா லேசா சுர்ருங்குது, செருப்பு போட்டுக்கிட்டா ஒண்ணும் ஆகாது" என்று நாங்கள் பல வீடுகளில் கேட்டிருக்கிறோம். அது லேசான விஷயம் இல்லை. கரண்ட் மெஷினின் உடம்புக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். இன்றைக்குச் சுர் என்றது, நாளைக்கு ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கும்போது பிடித்துக்கொள்ளும். அந்த நிமிடமே நிறுத்துங்கள். சரிபார்க்காமல் மறுபடி போடாதீர்கள்.

பிளக்கில் மூன்று கால் இருந்தால் மேலே இருக்கும் பெரிய கால்தான் எர்த். மெஷினுக்குள் கரண்ட் கசிந்தால் நம்மைத் தாக்காமல் அந்த வழியாக மண்ணுக்குப் போகும். அந்தக் காலை உடைப்பதும், இரண்டு கால் பிளக்கில் மாட்டுவதும், வயரை உரித்து நேராகத் துளையில் செருகுவதும் உயிரோடு விளையாடுவது. எர்த் கால் இருந்தால் மட்டும் போதாது. வீட்டுக்கே எர்த் போட்டிருக்க வேண்டும். அதை வயரிங் தெரிந்தவரிடம் காட்டிப் பாருங்கள். கசிவு வந்தால் கரண்டைத் தானே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்ற சுவிட்ச் இருக்கிறது. வீட்டு வேலைக்குக் கடன் வாங்கும்போது அதற்கும் சேர்த்து எழுதுங்கள்.

எலி கடித்த வயர், பிளாஸ்டிக் உரிந்த வயர் இருந்தால் மாற்றுங்கள். யாரையாவது கரண்ட் பிடித்துவிட்டால் பதறிப்போய் அவரைத் தொடாதீர்கள். முதலில் மெயினை அணையுங்கள். முடியாவிட்டால் காய்ந்த மரக்கட்டையால் தள்ளுங்கள். பிறகு 108.

அப்படியானால் மெக்கானிக்கே வேண்டாமா? வேண்டும். உள்ளே திறக்கிற வேலை அவர் வேலைதான். ஆனால் எப்படிப் போய் நிற்கிறோம் என்பதில் இருக்கிறது. "அண்ணே, மிக்சி ஓடல, என்னன்னு பாருங்க" என்றால் அவர் சொல்வதே விலை. "அண்ணே, ஜார் இல்லாம நல்லா ஓடுது. ஜார் கப்ளர் இறுக்கமா இருக்கு. புஷ் மாத்த எவ்வளவு ஆகும்?" என்று கேட்டுப் பாருங்கள். நல்ல மெக்கானிக்குக்கு வேலை சுலபமாகும், ஏமாற்ற நினைப்பவர் யோசிப்பார். கூலியையும் சாமான் விலையையும் தனித்தனியாக முதலிலேயே கேளுங்கள். மாற்றிய பழைய சாமானைத் திருப்பி வாங்குங்கள். தேதி, தொகை, என்ன மாற்றினார் என்று நோட்டில் எழுதி வையுங்கள். குழுப் பதிவேடு எழுதத் தெரிந்த நமக்கு இது பெரிய காரியம் இல்லை.

புதுசு வாங்கினால் பில்லும் வாரண்டி அட்டையும் பத்திரம். ரேஷன் கார்டு வைக்கும் பையிலேயே வையுங்கள். வாரண்டி காலத்தில் கடைக்காரர் அலைக்கழித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிடலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது.

கடைசியாக ஒரு யோசனை. இட்லி மாவு அரைத்து விற்கும் உறுப்பினர்கள் நம் கூட்டமைப்பில் இருக்கிறார்கள். கிரைண்டர் இரண்டு நாள் நின்றால் அவர்களுக்கு இரண்டு நாள் வருமானம் போச்சு, வாடிக்கையும் வேறு கடைக்குப் போய்விடும். டவுனுக்குத் தூக்கிப் போக பஸ் சார்ஜ் வேறு. இந்த வேலையை நம் ஊரிலேயே ஒரு பெண் ஏன் செய்யக் கூடாது? மாவட்டந்தோறும் வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. அங்கே மோட்டார் காயில் கட்டுதல், வீட்டு வயரிங் போன்ற தொழில்களும் பயிற்சிப் பட்டியலில் உண்டு. பயிற்சி இலவசம், சாப்பாடும் தங்குமிடமும் அவர்களே கொடுக்கிறார்கள். "பொம்பளப் புள்ள கரண்டு வேலைக்கா?" என்று வீட்டில் கேட்பார்கள். பேங்குக்குப் போக ஆரம்பித்தபோதும் இப்படித்தானே கேட்டார்கள்!

இந்த மாதக் குழுக் கூட்டத்தில் மூன்று காரியம் செய்யுங்கள். ஒன்று, யார் யார் வீட்டில் மெஷின் முடங்கிக் கிடக்கிறது, என்ன கோளாறு என்று பட்டியல் எடுங்கள். இரண்டு, 'சுர்' அடிக்கும் மெஷின் எந்த வீட்டில் இருந்தாலும் அன்றைக்கே அதை நிறுத்தச் சொல்லித் தீர்மானம் எழுதுங்கள். மூன்று, பயிற்சிக்குப் போக விருப்பமுள்ள ஒரு பெண்ணின் பெயரை ஊக்குநரிடம் கொடுங்கள். பட்டியலும் பெயரும் வந்ததும், பயிற்சி நிலையத்தில் பேசி விண்ணப்பம் வாங்கித் தருவது எங்கள் பொறுப்பு.

பரணில் இருப்பதை இறக்கித் துடைத்து வையுங்கள். அடுத்த முறை வரும்போது கேட்போம்.