பெர்லின் சுவர்: எட்டாவது மூவிலேயே ராணி போனா என்ன ஆகும்?

போர்டு பக்கத்துல இருந்தா எடுத்து வச்சுக்கோங்க, இல்லன்னா போன்ல ஆப்பைத் திறங்க. இன்னைக்கு ஒரே ஒரு பொசிஷன்தான்.

ரூய் லோபஸ் ஓப்பனிங்கில் வெள்ளை பிஷப்பை பி5-க்குக் கொண்டுவந்து கறுப்புக் குதிரையைக் குறிவைக்கும். அப்போ கறுப்பு தன் இன்னொரு குதிரையை எஃப்6-ல வச்சா, அதுதான் பெர்லின் டிஃபென்ஸ். வெள்ளை காஸ்லிங் பண்ணும், கறுப்பு ஈ4 சிப்பாயை வெட்டும், அடுத்தடுத்து சில வெட்டுகள். எட்டாவது மூவில் ரெண்டு ராணியும் காலி. கறுப்பு ராஜா டி8-ல நடுத்தெருவில் நிற்கும். இனி காஸ்லிங் கிடையாது. சி வரிசையில் ரெண்டு சிப்பாய் ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு. இதை யாராவது விரும்பி ஆடுவாங்களா?

2000-ல் லண்டன்ல கிராம்னிக் ஆடினார், அதுவும் உலக சாம்பியன் காஸ்பரோவுக்கு எதிரா. ராணி போர்டுல இருந்தா காஸ்பரோவோட தாக்குதலைத் தாங்குறது கஷ்டம். அதனால ராணியையே எடுத்துட்டார். அந்த மேட்ச்ல வந்த பெர்லின் ஆட்டங்கள் நாலும் டிரா. காஸ்பரோவால ஒரு ஆட்டம்கூட ஜெயிக்க முடியல, 8.5–6.5 என்று பட்டம் கைமாறியது. 'பெர்லின் சுவர்'ங்கிற பேரும் நிலைச்சிடுச்சு.

சரி, சுவர் ஏன் விழல? பேப்பர்ல பார்த்தா வெள்ளைக்குத்தான் லாபம். ராஜா பக்கம் நாலு சிப்பாய்க்கு மூணு. எல்லாக் காய்களும் வெட்டுப்பட்டுச் சிப்பாய்கள் மட்டும் மிஞ்சினா, பொதுவா வெள்ளை ஜெயிச்சிடும். அதனால கறுப்பு ஒவ்வொரு வெட்டுக்கும் ரெண்டு தடவை யோசிக்கணும்.

ஆனா இதுக்கு வெள்ளை கொடுத்த விலை ஒரு பிஷப். வெளிர் கட்டங்களில் ஓடுற பிஷப் அது. அது போனதும் ஈ6, எஃப்5 மாதிரியான வெளிர் கட்டங்கள் கறுப்போட வீடு மாதிரி. வெள்ளையோட ஈ5 சிப்பாய் முன்னேறணும்னா ஈ6 வழியாத்தான் போகணும். அங்க கறுப்பு பிஷப் உட்கார்ந்துட்டா கதவு பூட்டின மாதிரிதான். எஃப்5 குதிரையை விரட்ட வெள்ளை ஜி4 தள்ளப் பார்க்கும். கறுப்பு எச்5 போட்டு அதைத் தடுக்கும். இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது எச்8 யானைதான். ராஜா நடுவுல மாட்டிக்கிட்டதால அது வெளியே வர முடியாதுன்னு தோணும். ஆனா எச் வரிசை திறந்தா, இருந்த இடத்திலிருந்தே அது வேலை செய்யும்!

இதை மூவ் மனப்பாடம் பண்ணி ஆட முடியாது என்பது என் கருத்து. எதை வெட்டலாம், எதை வெட்டக்கூடாதுன்னு தெரிஞ்சாலே பாதி வேலை முடிஞ்சது.

பார்க்க ரெண்டு ஆட்டம் சொல்றேன். 2013 சென்னை உலக சாம்பியன்ஷிப்பின் நாலாவது ஆட்டம்: ஆனந்த் வெள்ளை, கார்ல்சன் கறுப்பு. கார்ல்சனோட பிஷப் ஈ6-ல உட்கார்ந்து, அங்கிருந்து ஏ2 சிப்பாயையே வெட்டும். 64 மூவ், டிரா. அடுத்தது 2014 சோச்சி, 11-வது ஆட்டம். இப்போ பெர்லின் ஆனந்த் கையில். ராணி பக்கம் பி5 தள்ளி ஆட்டத்தை நல்லாத் திறந்தார். ஆனா கொஞ்ச நேரத்துல ஒரு யானையை பிஷப்புக்காக விட்டுக்கொடுத்தார். கார்ல்சன் ஜெயிச்சு, மேட்ச்சும் அத்தோட முடிஞ்சது.

அந்த யானை பி4-க்குப் போற இடத்துல வீடியோவை நிறுத்துங்க. எஞ்சினைப் போடாம, நீங்களா இருந்தா என்ன ஆடியிருப்பீங்கன்னு யோசிச்சு எழுதி அனுப்புங்க.