பற்றும் தீயும்

'பற்று' என்று ஆசையைச் சொல்கின்றோம். 'தீப்பற்றியது' என்றும் சொல்கின்றோம். இவ்விரு பற்றும் ஓரிடத்தே நின்றதைக் கண்ணாற் கண்டோர் எழுதிவைத்த வரலாறொன்றை இன்று சிந்திப்போம்.

1666ஆம் ஆண்டு செப்டம்பர் 2ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, விடியற்கு முன்னர், இலண்டன் மாநகரில் ரொட்டி சுடுவார் ஒருவர் மனையில் தீ எழுந்தது. நெருங்கிய மரவீடுகள்; கோடையில் உலர்ந்த மரம்; வீசியதோ கடுங்காற்று. சில நாட்களில் ஏறத்தாழ 13,200 வீடுகளும், 87 தேவாலயங்களும், செயின்ட் பால் பேராலயமும் அழிந்தன.

கடற்படை அலுவலராகிய சாமுவேல் பெப்பீஸ் நாள்தோறும் குறிப்பெழுதும் வழக்கமுடையவர். மூன்று மணியளவில் பணிப்பெண் எழுப்பித் தீயைக் காட்டினாள். அவரோ தொலைவிலுள்ளது என்றெண்ணி மீண்டும் உறங்கினார். நெருப்பு அயலார் தெருவில் உள்ளவரை உறங்காதவர் நம்முள் எவர்?

விடிந்தபின் தேம்ஸ் ஆற்றிற் படகேறிச் சென்று கண்டார். தீ தம்மைத் தொடுமளவும் வீட்டில் நின்ற மாந்தர், பின்னரே படகை நோக்கி ஓடினர். புறாக்களும் வாழ்ந்த மனையை நீங்க மனமின்றிச் சாளரங்களைச் சுற்றிப் பறந்து, சிறகு தீய்ந்து வீழ்ந்தன.

இடையிலுள்ள வீடுகளை இடித்தாலன்றித் தீ நில்லாது என்று பெப்பீஸ் மன்னர் இரண்டாம் சார்லஸிடம் உரைத்தார், மன்னரும் ஆணையிட்டார். ஆயினும் நகரத் தலைவர், உரிமையாளர் இசைவின்றி இடிக்க முதலில் தயங்கிவிட்டார். சில வீடுகளைக் காக்க எண்ணிய தயக்கம் நகரையே தீக்கு உணவாக்கிற்று. பின்னர் வெடிமருந்திட்டு வீடுகளைத் தகர்த்தும், காற்றுத் தணிந்துமே தீ அடங்கிற்று.

மற்றொருவர் ஜான் ஈவ்லின். பேராலயக் கூரையின் ஈயம் உருகித் தெருவில் ஓடியதை அவர் எழுதுகின்றார். நகர்ப்புற வெளிகளில் உயர்ந்தோரும் தாழ்ந்தோரும் ஒருங்கே கிடந்தனர். அனைத்தும் இழந்தும் ஒரு காசும் இரந்தாரில்லை என்று வியக்கின்றார்.

புறாக்களுக்கு இரங்கிய பெப்பீஸ், மூன்றாம் நாள் மாலை என் செய்தார்? குழி தோண்டித் தம் மதுவையும் பாலாடைக்கட்டியையும் புதைத்தார்! அதனை மறையாது எழுதியது அவர் பெருமை. நகைக்க வேண்டா, அன்பர்களே. நாம் புதைத்து வைத்திருப்பவற்றை நாமே அறிவோம்.

பாசம் என்று நம் ஆசிரியர் உணர்த்தியது இதனையே. இடிக்க வேண்டிய சுவரைக் காலத்தே இடிப்போமாக. சிறகு உள்ளபோதே பறந்து இறைவன் திருவடி நிழலை அடைவோமாக.

திருச்சிற்றம்பலம்.