பேர் சொல்லுங்கள்

ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றும் முன் நர்ஸ் பேர் கேட்பார். மறுபடியும் கேட்பார். "காலையிலிருந்து இங்கேதானே படுத்திருக்கேன்" என்று சிலருக்குக் கோபம் வரும். கேட்கட்டும். தலையாட்டாமல் வாயால் பேர் சொல்லுங்கள்.

ரத்தம் ஏற்றிக்கொள்ளும் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. சிலருக்குக் காய்ச்சல், அரிப்பு, தடிப்பு வரும். பெரும்பாலும் மருந்தில் அடங்கிவிடும். அபூர்வமானதுதான் ஆபத்து: ஒருவருக்கான ரத்தம் இன்னொருவருக்கு ஏறிவிடுவது. கல்யாண மண்டபத்தில் செருப்பு மாறினால் திருப்பிக் கொடுக்கலாம். ரத்தத்தை முடியாது. அதனால்தான் பேர் கேட்கிறார்கள்.

முதல் 15 நிமிடம் முக்கியம். குளிர் நடுக்கம், முதுகுவலி, மூச்சுத்திணறல் எது வந்தாலும் உடனே சொல்லுங்கள். ரத்தத்தை நிறுத்திவிட்டுத்தான் மற்றதைப் பார்ப்பார்கள். துணைக்கு இருப்பவரே, டீ குடிக்க அப்புறம் போகலாம்.