கப்ஸ் கோயில்: ஒரு பெயரின் வரலாறு



புதுவைக் கடற்கரையை ஒட்டி, டூமா வீதியில் எழுந்து நிற்பது தேவதூதர்களின் அன்னை ஆலயம். மக்கள் அதனைக் 'கப்ஸ் கோயில்' என்றே வழங்குவர். கப்புச்சின் துறவியர் என்னும் பெயர் தமிழ் நாவில் தேய்ந்து 'கப்ஸ்' ஆயிற்று. அவ்வாறே 'சென் போல்' என்னும் பிரெஞ்சுப் பெயர் 'சம்பா' ஆயிற்று. சம்பா நெல்லுக்கும் சம்பா கோயிலுக்கும் யாதொரு தொடர்புமில்லை!

1674-இல் புதுவைக்கு வந்த கப்புச்சின் துறவியர் ஐரோப்பியரின் ஆன்மிகப் பணியை ஏற்றனர். தமிழ்க் கிறித்தவர் பொறுப்பு இயேசு சபையாரிடம் சென்றது. ஒரே சமயம், ஒரே நகரம், இரு கோயில்கள். இப்பிரிவு ஊருக்கு இடையில் மட்டும் நிற்கவில்லை, கோயிலுக்குள்ளும் புகுந்தது. சம்பா கோயிலினுள் பறையர் ஒருபுறமும் ஏனையோர் மறுபுறமும் இருக்குமாறு எழுப்பப்பட்டிருந்த சுவரைப் பற்றி ஆனந்தரங்கப் பிள்ளை 1745-ஆம் ஆண்டு நாட்குறிப்பில் எழுதுகிறார். ஒதுக்கப்பட்டோர் தாமே பெரிய குருவிடம் சென்று முறையிட்டனர், சுவர் இடிக்கப்பட்டது, மற்றோர் சினந்தனர். அச்சுவரை இடிக்கச் செய்தது மேலோரின் இரக்கமன்று, இழிவு சுமந்தோரின் முறையீடே. பிள்ளையவர்களின் நாட்குறிப்பை உரைநடை வளர்ச்சிக்குச் சான்றாக மட்டும் பயில்வோர் இப்பக்கத்தைக் கடந்துவிடுகின்றனர்.

1761-இல் ஆங்கிலேயர் புதுவையைத் தரைமட்டமாக்கினர், கோயில்களும் தப்பவில்லை. இன்றுள்ள கப்ஸ் கோயில், பொறியாளர் லூயி கேர் வரைந்த அமைப்பின்படி 1851-இல் தொடங்கி 1855-இல் நிறைவுற்றது. மூன்றாம் நெப்போலியன் அளித்த அன்னையின் விண்ணேற்பு ஓவியம் இதன் செல்வம். எதிரேயுள்ள பூங்காவில் ஜான் தார்க் சிலை நிற்கிறது.

1954 நவம்பர் 1-இல் பிரெஞ்சு ஆட்சி கைமாறியது. 1962-இல் சட்டப்படியும் முடிந்தது. வெள்ளையருள் பெரும்பாலோர் கப்பலேறினர். ஆயினும் பிரெஞ்சு வழிபாடு நிற்கவில்லை. 1881-ஆம் ஆண்டு ஆணையின் வழித் தம் மரபுச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுப் பெயர் சூடிய தமிழரின் வழித்தோன்றல்களும், 1962-இல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தோரும் புதுவையில் வாழ்கின்றனர். குடியேறியோர் போயினர், அவர்தம் மொழியில் இறைஞ்சுவோருள் தமிழரும் உளர்.

சின்னசேலம் உள்ளிட்ட இவ்வட்டாரமும் புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டத்தினுள் அடங்குவதே. இங்கிருந்து செல்லும் அடியார்க்கு அங்கே தமிழ்த் திருப்பலியும் உண்டு. ஐரோப்பியர்க்கென எழுந்த அதே கூரையின் கீழ்.