வெள்ளத்துக்கு முந்திய நாள்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



விழாப் பந்தலில் இடர்களைப் பற்றிப் பேசலாமா என்று சிலர் எண்ணக்கூடும். மங்கல நாளில் அமங்கலச் சொல் வேண்டா என்பது நம் வழக்கம். ஆயினும், இம் மும்பை மாநகரில் ஆண்டுதோறும் மழைக்காலத்தில் வானத்தை அண்ணாந்து பார்த்தபடியே வாழ்கின்றவர்கள் நாம். குடும்பம் குடும்பமாக நாம் கூடியிருக்கும் இவ்வேளையைக் காட்டிலும் இதைப் பேசுவதற்கு ஏற்ற வேளை வேறில்லை.

2005ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாளை இந்நகரம் எளிதில் மறவாது. அன்று காலை தொடங்கிய 24 மணி நேரத்தில் சாந்தாகுரூசில் 944 மில்லிமீட்டர் மழை பொழிந்தது. அதே பொழுதில், நகரின் தென்கோடியாகிய கொலாபாவில் பெய்தது ஏறத்தாழ 73 மில்லிமீட்டரே! இவ்விரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். கோட்டைப் பகுதி அலுவலகத்தில் இருந்தவர் 'வழக்கமான மழைதானே' என்று வேலையில் ஆழ்ந்திருக்க, குர்லாவில் அவர் வீட்டினுள் நீர் ஏறிக்கொண்டிருந்தது. பிற்பகலில் கடலும் ஏற்றத்தில் இருந்தமையால், மித்தி ஆற்றின் நீர் மாகிம் கழி வழியே வடிய இயலாமல் தேங்கிற்று. ரயில்கள் நின்றன, தொலைபேசிகள் ஊமையாயின. கணவர் ஓரிடத்தில், மனைவி ஓரிடத்தில், மக்கள் பள்ளியில் என்று எத்தனையோ குடும்பங்கள் அவ்விரவைக் கழித்தன.

அன்று பல வீடுகளில் அரிசியும் பருப்பும் இருந்தன. இல்லாமற் போனது, முன்னரே பேசி முடித்துக்கொண்ட ஓர் ஏற்பாடு. பெருமழை கொட்டினால் பள்ளிக்குச் சென்று பிள்ளையை அழைப்பவர் யார்? வீட்டுக்குத் திரும்ப வழியில்லை என்றால் எங்கே தங்குவது? எவ்விடத்தில் சந்திப்பது? இவற்றை மழையில்லாத ஒரு நாளில் முடிவு செய்தல் வேண்டும். நகருக்குள் ஒருவரையொருவர் அழைக்க இயலாதபோது, வெளியூருக்கு இணைப்புக் கிடைப்பதும் உண்டு. ஆகவே, ஊரிலுள்ள உறவினர் ஒருவரைக் குறித்துக்கொண்டு, அனைவரும் அவருக்கே செய்தி சொல்வது என்று வைத்துக்கொள்வது நலம்.

பொருள்களைப் பொறுத்தவரை, பெருஞ்செலவு ஏதும் இல்லை. ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர் வீதம், மூன்று நாளுக்குக் குடிநீர். நால்வர் குடும்பத்துக்கு 48 லிட்டர். அடுப்பு மூட்டாமல் உண்ணத்தக்க அவல், பொரிகடலை, வெல்லம். டார்ச் விளக்கு, அதற்கு மாற்று பேட்டரி. முதியோர் நாள்தோறும் உட்கொள்ளும் மருந்து, ஒரு வாரத்துக்கு. ஆவணங்கள் நீர் புகாத உறையில், பரண்மேல். நீர் வாசலை நெருங்கும்போதே காஸ் சிலிண்டரை மூடி, மெயின் சுவிட்சை அணைத்துவிட வேண்டும். நீரில் நின்றுகொண்டு சுவிட்சைத் தொடுதல் ஆகாது. மூழ்கும் சாலையில் காருக்குள் அமர்ந்திருத்தலும் ஆகாது. 2005இல் கதவு திறவாத காருக்குள்ளேயே உயிர் நீத்தாரும் உண்டு. வெள்ளம் வடிந்த பின்னரும் எலிக் காய்ச்சல் பல உயிர்களைக் கொண்டது. தேங்கிய நீரில் நடந்தவர்கள், குறிப்பாகக் காலில் புண் உள்ளவர்கள், காய்ச்சல் வரட்டும் என்று காத்திராமல், மூன்று நாள்களுக்குள் மருத்துவரைக் கண்டு, தடுப்பு மருந்து வேண்டுமா என்று கேட்டறிதல் வேண்டும்.

இவையெல்லாம் எந்த மொழியினருக்கும் பொதுவானவை. நமக்கே உரிய கவலை ஒன்றுண்டு. பேரப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து வந்திருக்கும் நம் தாயார், பகலெல்லாம் வீட்டில் தனித்திருக்கிறார். அவருக்கு மராத்தியும் தெரியாது, இந்தியும் தெரியாது. இடர் வந்தால், 'நான் இங்கே இருக்கிறேன்' என்று அவர் எம்மொழியில் கூவுவார்? வீட்டு முகவரியையும், 'உதவி வேண்டும்' என்ற சொற்களையும் அவருக்குப் பழக்குவோம். அவற்றையே மராத்தியில் எழுதிய தாள் ஒன்றைக் கதவின் உட்புறம் ஒட்டுவோம். அவசர உதவிக்கு 112, மாநகராட்சியின் பேரிடர்ப் பிரிவுக்கு 1916 என்ற எண்களை, அவர் படிக்கும்படி பெரிய தமிழெழுத்தில் அதன்கீழ் எழுதுவோம்.

அதனினும் முக்கியமானது அண்டை வீடு. நம் ஊர்த் தெருவில் திண்ணையிலிருந்து ஒரு குரல் கொடுத்தால் நால்வர் ஓடி வருவர். இங்கே எதிர்வீட்டார் பெயரையே அறியாமல் பத்தாண்டு வாழ்ந்துவிடுகிறோம். உறவினர் ஆயிரம் கல் தொலைவில் இருக்க, வெள்ளத்தன்று முதலில் கை கொடுக்கக்கூடியவர் அந்த எதிர்வீட்டாரே. தீபாவளிப் பலகாரத் தட்டுடன் இவ்வாண்டே அக்கதவைத் தட்டுவோம். நம் தாயாரையும் உடன் அழைத்துச் சென்று முகம் காட்டுவோம்.

சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். கலை நிகழ்ச்சிகளுக்குத் தொண்டர் படை அமைப்பது போலவே, ஒவ்வொரு வட்டாரத்துக்கும் இளைஞர் இருவரை அமர்த்துவோம். தனித்து வாழும் முதியோர், தரைத் தளத்தில் குடியிருப்போர், நோயுற்றோர் ஆகியோரின் பட்டியலை அவர்கள் தாளில் எழுதி வைத்திருக்கட்டும்.

வெள்ளம் வருமுன் அணை கோலுக என்பது நம் முன்னோர் மொழி. அணையைக் கட்டுவது அரசின் கடமை. வீட்டாரைக் கூட்டிப் பத்து நிமிடம் பேசுவது நம் கடமை. விழா முடிந்து வீடு திரும்பும் இன்றிரவே அதைச் செய்வோமாக!