ஒருவன் களவுக்கு ஆயிரம் தலையா?



'காப்பியமும் இளைய தலைமுறையும்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்தார்கள். குறிப்பெல்லாம் எழுதிக்கொண்டுதான் வந்தேன். ஆனால் சற்று முன்பு அந்தப் பத்தாம் வகுப்பு மகள் தான் எழுதியதை இந்த மேடையில் வாசித்தாளே, அதைக் கேட்ட பிறகு அந்தக் காகிதத்தைப் பிரிக்க எனக்கு மனம் வரவில்லை. தட்டுங்கள், இன்னும் பலமாகத் தட்டுங்கள்! அந்தக் கைதட்டல் அவளுக்கு உரியது.

பின்வரிசைக்குச் சரியாகக் கேட்டிருக்காது. மறுபடி சொல்கிறேன். சிலப்பதிகாரம் நம் எல்லோருக்கும் தெரியும். அரண்மனைப் பொற்கொல்லன் அரசியின் சிலம்பைத் தானே திருடிவிட்டுக் கோவலனைக் கள்வன் என்று காட்டிக் கொடுக்கிறான். விசாரணை இல்லை, கொலை. கண்ணகி அவையில் சிலம்பை உடைக்கிறாள். முத்துக்குப் பதில் மாணிக்கம் தெறிக்கிறது. பாண்டியன் விழுகிறான், மதுரை எரிகிறது. நாம் பெருமூச்சு விட்டுப் புத்தகத்தை மூடிவிடுகிறோம். நூலின் தொடக்கத்திலேயே உரைபெறு கட்டுரை என்று ஒரு பகுதி இருக்கிறது. யார் நின்று படிக்கிறோம்? இவள் நின்று படித்திருக்கிறாள். பாண்டிய நாட்டில் மழை பொய்த்து நோய் பரவியபோது, கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் கண்ணகிக்குச் சாந்தியாக ஆயிரம் பொற்கொல்லரைப் பலி கொடுத்தான் என்று அங்கே எழுதியிருக்கிறது. ஆயிரம் பேர்!

அந்த ஆயிரத்தில் ஒருவனுடைய மனைவியாக இருந்து இவள் எழுதினாள். பட்டறையில் உலை அவிந்து கிடக்கிறது. ஊதுகுழல் சுவரில் சாய்ந்திருக்கிறது. தராசுத் தட்டில் குன்றிமணி அப்படியே இருக்கிறது. யாரோ ஒரு குழந்தைக்குச் செய்துகொண்டிருந்த தண்டை பாதியில் நிற்கிறது. அவள் கண்ணகியைக் கேட்கிறாள்: "அம்மா, உன் கணவனை விசாரிக்காமல் கொன்றார்கள் என்றுதானே ஊரை எரித்தாய்? என் கணவனை யார் விசாரித்தார்கள்?"

ஐயா, எத்தனையோ பட்டிமன்றங்களில் சிலம்பைப் பேசியிருக்கிறோம். கண்ணகியா மாதவியா என்று கட்சி கட்டியிருக்கிறோம். ஒருவன் களவுக்கு ஆயிரம் தலையா என்று நம்மில் ஒருவர் கேட்டோமா? பதினைந்து வயதுப் பிள்ளை கேட்டிருக்கிறாள்!

இதைப் பொறுக்காதவர்களும் நாட்டில் இருக்கிறார்கள். பெயர் வேண்டாம். இன்னொரு மேடையில் ஏறி, "காப்பியத்தில் சிறுபிள்ளைகள் கை வைக்கலாமா? புனிதம் கெட்டுவிடாதா?" என்று முழங்கினார்களாம். நான் அவர்களைக் கேட்கிறேன். வால்மீகியில் இராவணன் சீதையைத் தூக்கிச் செல்கிறான். கம்பனுக்கு அது தாங்கவில்லை. பர்ணசாலையை மண்ணோடு பெயர்த்துத் தூக்கியதாக மாற்றிப் பாடினான். கம்பனைக் கை வைக்காதே என்று சொல்லியிருப்பீர்களா? பாஞ்சாலியின் சபதத்தை 1912-இல் பாரதி எடுத்துத் தேசத்தின் சபதமாகப் பாடினானே, அவன் வாயைப் பொத்தியிருப்பீர்களா? மதிப்பெண்ணுக்காகக் கம்பனை மனப்பாடம் செய்து தேர்வு முடிந்ததும் மறந்தவர்கள், காப்பியத்தோடு வாதாட வந்த பிள்ளையை விரட்டுகிறார்கள். காப்பியத்தைக் காப்பாற்றுகிறவர்கள் யார்? மறந்தவர்களா, வாதாடுகிறவளா?

எட்டாம் வகுப்பில் எனக்குத் தமிழ் சொல்லித் தந்த ஒரு வாத்தியாரின் நினைவு வருகிறது. பாடம் நடத்தி முடித்ததும் பொருள் கேட்க மாட்டார், இலக்கணக் குறிப்புக் கேட்க மாட்டார். "இந்தக் கதையில வாய் திறக்காதவர் யாருடா?" என்றுதான் கேட்பார். நாங்கள் முழிப்போம். ஊர்மிளை என்று ஒருவன் சொல்வான். "சரி, நீதான் ஊர்மிளை. ஒரு பக்கம் எழுதிக்கிட்டு வா" என்பார். போர்ஷன் முடிக்கவில்லை என்று அவரை வேறு பள்ளிக்கு மாற்றினார்கள். அந்த ஆண்டு போர்ஷனை முடித்துக் கொடுத்தவர் சொன்னது ஒன்றுகூட இன்று என் நினைவில் இல்லை. இவர் கேட்ட கேள்வி இருக்கிறது.

இதை நான் எந்த ஊரில் நின்று சொல்கிறேன்? மைசூருவில்! காப்பியத்துக்குப் பதில் எழுதுவது இந்த ஊர் மண்ணிலேயே ஊறியது. இங்கே மகாராஜா கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தவர் பி.எம். ஸ்ரீகண்டய்யா. கிரேக்கத்தில் சொஃபக்ளீஸ் எழுதிய அயாக்ஸ் நாடகத்தைப் படிக்கிறார். அவமானம் தாங்காமல் இரவில் வெறிகொண்டு, எதிரிகள் என்று நினைத்து மந்தையை வெட்டிச் சாய்த்துவிட்டு, விடிந்ததும் வெட்கித் தன் வாளிலேயே விழுந்து சாகும் வீரனின் கதை. அவருக்கு யார் ஞாபகம் வருகிறான்? இரவில் பாசறை புகுந்து உறங்கியவர்களைக் கொன்ற நம் அசுவத்தாமன்! 1929-இல் 'அசுவத்தாமன்' என்று கன்னடத்தில் நாடகம் வந்தது. அதற்கும் முன்பே, பத்தாம் நூற்றாண்டு ரன்னனின் கதாயுத்தத்தை நாடகமாக்கித் துரியோதனனைத் துன்பியல் நாயகனாக நிறுத்தியவர் அவர்.

அதே மகாராஜா கல்லூரியின் மாணவர் கன்னடக் கவிஞர் குவெம்பு. இந்தக் கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், தலைவர் பொறுத்தருள வேண்டும். சீதையின் அக்கினிப் பிரவேசம் எத்தனையோ கவிஞர்களின் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது. நம் புதுமைப்பித்தன் 1943-இல் 'சாப விமோசனம்' எழுதினார். தீயில் இறங்கிய செய்தியைச் சீதை வாயாலேயே கேட்ட அகலிகை மறுபடியும் கல்லானாள். குவெம்பு என்ன செய்தார் தெரியுமா? 1949-இல் வந்த 'ஸ்ரீராமாயண தரிசனம்' காவியத்தில் இராமனையும் தீயில் இறக்கினார்! சோதனை என்றால் இருவருக்கும் சோதனை! எல்லை தாண்டி இரண்டு மொழி, இரண்டு பேனா. இருவரையும் சுட்டது ஒரே நெருப்பு.

அந்தக் காவியத்துக்குத்தான் 1967-ஆம் ஆண்டின் ஞானபீட விருது. கன்னடத்துக்கு அதுதான் முதல் ஞானபீடம். அவ்வளவு பெரிய காவியத்தை அவர் யாருக்குச் சமர்ப்பித்தார்? மன்னருக்கா? மந்திரிக்கா? தனக்குக் கற்பித்த டி.எஸ். வெங்கண்ணய்யாவுக்கு! ஆசிரியர் 1939-லேயே காலமாகிவிட்டார். இருந்தும் எழுதி முடித்து அவர் காலடியில் வைத்தார் மாணவர். உலகம் அதை மகாகாவியம் என்கிறது. நான் அதை, ஒரு மாணவன் வாத்தியாருக்குக் காட்டிய நோட்டுப் புத்தகம் என்பேன். கைதட்டுகிறீர்கள். இந்தக் கைதட்டலில் பாதி, போர்ஷன் முடிக்காத என் வாத்தியாருக்குப் போய்ச் சேரட்டும்.

நம்மவர்களை விடுவேனா? ஏ.கே. ராமானுஜன் 1929-இல் இதே மைசூருவில் பிறந்த தமிழ்ப் பிள்ளை. மாடியில் கணிதப் பேராசிரியரான அப்பாவோடு ஆங்கிலம், கீழே அம்மாவோடு தமிழ், தெருவில் கன்னடம். இங்கே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் வீடும் அப்படித்தானே? அதைக் குறையாக நினைக்காதீர்கள், அதுவே உங்கள் சொத்து. 1962-இல் சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தின் அடித்தளத்தில் அவர் கையில் குறுந்தொகை சிக்கியது. பிறகு அவர் மொழிபெயர்ப்பில் சங்கப் பாட்டு உலகம் முழுக்க ஆங்கிலத்தில் ஒலித்தது.

ராமாயணங்கள் பலவாக இருப்பதைப் பற்றி அவர் ஒரு கட்டுரை எழுதினார். அதில் ஒரு காட்சி. காட்டுக்கு வராதே என்று இராமன் தடுக்கிறான். சீதை எவ்வளவோ வாதாடுகிறாள், அவன் இணங்கவில்லை. கடைசியில் சொல்கிறாள்: எத்தனையோ ராமாயணங்கள் வந்துவிட்டன, சீதை காட்டுக்குப் போகாத ராமாயணம் ஒன்றாவது உண்டா என்று! இராமனால் பதில் சொல்ல முடியவில்லை. இது அவர் கற்பனை அல்ல, பழைய ராமாயணங்களிலேயே உள்ள காட்சி. கதைக்குள் இருக்கும் சீதைக்கே கதை பல என்று தெரிந்திருக்கிறது. டில்லிப் பல்கலைக்கழகத்துக்கு அது தெரியாமல் போயிற்று. 2011-இல் அந்தக் கட்டுரையைப் பாடத்திட்டத்திலிருந்து நீக்கினார்கள். பதில் சொல்ல அவர் உயிரோடு இல்லை; 1993-லேயே மறைந்துவிட்டார். மைசூருப் பிள்ளை ஒருவன் எழுதிய கட்டுரைக்கு நேர்ந்த கதி இது. என்னால் இதை விட முடியவில்லை ஐயா, எந்த மேடை ஏறினாலும் இது வாயில் வந்துவிடுகிறது. பெரிய பல்கலைக்கழகத்திலேயே இந்தக் கதி என்றால், ஒரு பள்ளிக்கூடத்தில் பொற்கொல்லன் மனைவிக்காகப் பேசிய பெண்ணை யார் காப்பாற்றுவது?

நாம்தான் காப்பாற்ற வேண்டும், அவள் பின்னால் நிற்க வேண்டும். இந்த ஊரில் மாலைக் காற்று வாங்கிக்கொண்டு நடந்த ஆர்.கே. நாராயண், 1972-இல் கம்பனை வைத்து ஆங்கிலத்தில் ராமாயணம் எழுதினார். கம்பனில் ஊறிய அவருடைய மாமா டி.என். சேஷாசலத்தின் நினைவுக்கு அதைச் சமர்ப்பித்தார். பாருங்கள், எழுதுகிறவன் பின்னால் எப்போதும் ஒருவர் நிற்கிறார். ஒரு மாமா, ஒரு வெங்கண்ணய்யா, பெயர் தெரியாத ஒரு எட்டாம் வகுப்பு வாத்தியார். அவர்கள் நிற்காத இடத்தில் நூறு விடைத்தாளுக்கும் ஒரே நோட்ஸ், ஒரே பதில்.

ஆகவே இங்கே வந்திருக்கும் ஆசிரியப் பெருமக்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். வரும் ஜூனில் பள்ளி திறக்கும்போது, பருவத்துக்கு ஒரு கேள்வி மட்டும் உங்கள் சொந்தக் கேள்வியாக வையுங்கள். இந்தக் கதையில் வாய் திறக்காதவர் யார், அவராக இருந்து ஒரு பக்கம் எழுது என்று கேளுங்கள். முதலில் மூலத்தைப் படிக்கச் சொல்லுங்கள். படிக்காமல் வாதாடுவது வெறும் சத்தம். எழுத்துப்பிழைக்குச் சிவப்பு மை போடுங்கள், கருத்துக்குப் போடாதீர்கள். தமிழில் எழுதட்டும், கன்னடத்தில் எழுதட்டும், எழுதட்டும். பெற்றோர்களே, உங்கள் மகள் கண்ணகியிடம் கேள்வி கேட்டால் பயப்படாதீர்கள். அவள் சிலப்பதிகாரத்தை நம்மைவிட நன்றாகப் படித்திருக்கிறாள் என்று அர்த்தம். அந்த நோட்டுப் புத்தகத்தைப் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுவிடாதீர்கள்.